காரை என்னும் சொல்: புசல்லாவையை உரைகல்லாகக் கொண்ட ஒரு மதிப்பீடு

1

ஒரு பொருளின் பெயர் அப்பொருளின் இயல்பை மாத்திரம் உணர்த்தி அமைவதில்லை. அதனை ஆக்கியோர், உடைமையாகக் கொண்டோர், அதனின்றும் விலக்கி வைக்கப்பட்டோர் ஆகியோரிடையே நிலவிய உறவும் அப்பெயரினுட் படிந்து கிடக்கும். கட்டடத் தொழிலுக்குரிய சொற்கள் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்லன. எனினும், தமிழிலே சொல்லாராய்ச்சி பெரிதும் இலக்கியச் சொற்களையும் சமயச் சொற்களையும் நோக்கியே நடந்து வந்துள்ளது. கொத்து வேலையாளின் கையில் வழங்கிய சொற்கள் அகராதியில் ஒரு வரி விளக்கம் பெற்றதோடு அமைந்துவிட்டன. ‘காரை’ என்பது அத்தகையதொரு சொல்.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924க்கும் 1936க்கும் இடையில் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, முட்செடி ஒன்றின் பெயராகிய காரையையும், சுண்ணாம்புச் சாந்தினையும் அதனாலாகிய பூச்சினையும் குறிக்கும் காரையையும் வேறு வேறாகத் தருகின்றது. இது முறையே. காரைக்குடி முதலிய ஊர்ப்பெயர்களிற் காணப்படுவது செடியின் பெயரென்பது பொதுவழக்கு. செட்டிநாட்டு மாளிகைகளின் பளபளக்கும் சுண்ணப் பூச்சினைக் கண்டு, ஊர்ப்பெயருக்கும் பூச்சுக்கும் உறவு கற்பிப்பது பிழையாகும். ஆனால், செடியினின்றும் பிரித்தெடுத்த பின்னர், கட்டடக் காரைக்கு அகராதிகள் தரும் விளக்கம் அச்சொல்லின் பொருளை முற்ற உணர்த்துகின்றதா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இவ்வினாவிற்கு விடை காண்பதற்குப் புசல்லாவை ஏற்றதோர் உரைகல்லாகும். பேராதனையிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த சிறு நகரம் அது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்களுக்குள்ளே தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த இடம். அகராதி கூறும் பொருள் ஒன்றே காரையின் பொருளாயின், அச்சுவர்களுக்குரிய பெயர் காரைச் சுவர் என்றும், அவ்விருப்பிடங்களின் பெயர் காரைவீடு என்றும் வழங்கியிருத்தல் வேண்டும். அவ்வாறு வழங்காமையின் காரணத்தை ஆராயின் அச்சொல்லின் முழுப்பொருளும் வெளிப்படும்.

2

முதற்கண் பொருளின் இயல்பை நோக்குவோம் எனப் புகின், சுண்ணாம்பின் வரலாறு ஒரு வட்டமாக அமைந்திருத்தல் புலனாகும். சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல், பவளப்பாறை ஆகியவற்றுள் ஒன்று காளவாயிலே சுடப்படும்போது அதிலுள்ள கரியமிலவாயு நீங்குகின்றது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பு நீரிற் பட்டுக் கொதித்து நீறாகின்றது. அந்நீறு மணலோடு சேர்ந்து சாந்தாகிச் சுவரிற் படிந்த பின்னர், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீளவும் கல்லாகின்றது. இவ்வாறு கல்லிலே தொடங்கிக் கல்லிலே முடிவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். சீமெந்து அவ்வாறன்று. அது நீரோடு சேர்ந்து நிகழும் வேதி மாற்றத்தாலே விரைந்து இறுகுவது, நீருக்கடியிலும் இறுகவல்லது.

இத்தொழிலைச் சார்ந்து தமிழில் வழங்கும் சொற்கள் பல. சுண்ணாம்பு, நீறு, சாந்து, சுதை, காரை என்பன அவற்றுள் தலையாயவை. இவை ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றினும் வழக்கிலே தத்தமக்கென ஓர் எல்லையைப் பெரிதும் பேணுகின்றன. சாந்து என்பது அரைத்துக் குழைத்தது. சந்தனக் குழம்புக்கும் அதுவே பெயர். சுதை என்பது வடமொழியிலிருந்து வந்து, அமிழ்தத்தையும் வெண்சுண்ணத்தையும் ஒருங்கே குறிப்பது. கோபுரத்துப் பதுமைகளைச் ‘சுதை வேலை’ என்பது அதன் வழிவந்த வழக்கு. காரையோ இறுகிய நிலையைச் சுட்டுவது. சாந்து குழைக்கப்படும், சுதை உருவாக்கப்படும், காரை பிடிக்கும், இறுகும், காலஞ் செல்லப் பெயரும். இச்சொல் கன்னடத்திலும் தெலுங்கிலும் எடுப்பொலியோடு முறையே ‘காரெ’, ‘கார’ என வழங்குதல், தென்னாட்டுக் கட்டடத் தொழிலில் இதற்குள்ள பரந்த ஆட்சிக்குச் சான்றாகும்.

இன்னொரு செய்தியும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. காரை என்பது மேற்பூச்சு மாத்திரமன்று. தமிழ்நாட்டிலே பழைய மச்சுத்தளம் அமைக்கப்பட்ட முறையில், மர உத்தரங்களின் மீது செங்கற்களை நிறுத்தி அடுக்குவர். அதன்மேல் உடைத்த செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்புவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பலகைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். சல்லியும் பிணைப்புப் பொருளும் ஒன்றாகி இறுகிய இத்தளம், பொறியியலார் இன்று கொங்கிறீற்று எனக் கூறும் பொருளின் இலக்கணத்தை முற்றாக நிறைவு செய்வது. எனவே, 1824இல் யோசப் அஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் போர்ட்லன்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அவ்வினப் பொருளொன்று தமிழ்க் கட்டடத் தொழிலாளரின் கையில் இருந்தது. அதனை அவர்கள் காரை என்ற சொல்லினுள்ளேயே அடக்கினர்.

3

பொருளின் இயல்பு இதுவாக, அதற்கிருந்த சமுதாய மதிப்பு யாது? இலக்கியமும் கல்வெட்டும் இதற்கு விடை தருகின்றன.

நெடுநல்வாடை பாண்டியனின் அரண்மனையை வருணிக்குமிடத்து, வெள்ளியைப் போல ஒளிரும் சுதை பூசப்பெற்றமையையும் செம்பினால் இயன்றது போன்ற சுவரையும் கூறுகின்றது. மணிமேகலை புகார் நகரத்து மனைகளின் வெண்சுதைப் பரப்பிலே தீட்டப்பட்ட ஓவியங்களைப் பேசுகின்றது. இரண்டிடத்தும் பூச்சு என்பது செல்வத்தின் புறத்தோற்றமாக நிற்கின்றது. புலவர்தம் கண் சுவரின் உறுதியிலும் பார்க்க அதன் ஒளியிலேயே தங்குகின்றது என்பது நோக்கற்பாலது.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த மண்டகப்பட்டுக் கல்வெட்டு இதற்கு மறுதலையான சான்று. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தமையை விசித்திரசித்தன் என்ற பெயரால் முதலாம் மகேந்திரவர்மன் அதிலே பெருமையோடு கூறுகின்றான். சுதையின்றிக் கட்டியமை பெருமைக்குரியதாயின், சுதையோடு கட்டுதலே அக்காலத்துப் பெருவழக்காயிருந்தது என்பது பெறப்படும். பத்தாம் நூற்றாண்டிலே செம்பியன் மாதேவியார் பழைய செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியமைத்தபோதும், கட்டடப் பொருளின் பெயரே கோயிலின் தகுதியைச் சுட்டும் பெயராயிற்று.

ஆயினும், இவையனைத்தினும் முக்கியமான சான்று கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலுள்ள கல்வெட்டொன்று. கோனேரின்மைகொண்டான் என்ற அரச பட்டத்தோடு வெளியிடப்பட்ட அவ்வாணை, வெங்கால நாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை அளிக்கின்றது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கும் பேரிகையும் முழக்கலாம். வெளியே செல்லும்போது காலில் செருப்பணியலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம். சங்கொலிக்கும் செருப்புக்கும் நிகராக வீட்டுப் பூச்சும் ஓர் உரிமையாக எண்ணப்பட்டமை இதனால் விளங்குகின்றது. ஆணையிட்டு அளிக்கப்பட்ட ஒன்று, அதற்குமுன் மறுக்கப்பட்டிருந்தது என்பதும் தெளிவு. கோயில்களுக்கும் மாளிகைகளுக்கும் உருவமளித்த கைவினைஞர் வகுப்பினர், தம் சுவரிலே ஒரு கரண்டிச் சாந்து பூசுவதற்கு அரசனின் ஓலையை எதிர்பார்த்திருக்க வேண்டியவராயினர்.

இக்கல்வெட்டு காரை என்ற சொல்லின் பொருளாராய்ச்சிக்கு ஒரு திறவுகோலாகும். தமிழ்ச் சமுதாயத்திலே சாந்தும் காரையும் வெறுங் கலவைகளாக இருக்கவில்லை. யார் பூசலாம், யார் பூசலாகாது என்ற வரையறையும் அக்கலவையின் ஒரு கூறாகவே இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலே கூரைவீட்டிற்கு எதிராகக் ‘காரைவீடு’ என்ற வழக்கு எழுந்து நிலைத்தமைக்கு இதுவே அடிப்படை. காரைவீடு என்றபோது கேட்போர் மனத்தில் எழுவது சுண்ணாம்பின் இயல்பன்று. நிலமும் நெல்லும் உடைய ஒரு குடும்பமே எழும். அகராதியோ கலவையைக் கூறி, அக்கலவை தாங்கி நின்ற உரிமையைக் கூறாது விட்டுவிட்டது.

4

இனிப் புசல்லாவைக்கு வருவது பொருத்தமாகும். 1841இல் வேர்ம்ஸ் சகோதரர் இப்பகுதியிலே ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தனர். ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பமாகிய ரொத்சைல்டுகளுக்கு அவர்கள் உறவினர். அதனாலேயே தோட்டத்துக்கு அப்பெயர். கோப்பிக் காலத்திலேயே சீனத் தேயிலைக் கன்றுகளை இங்கு நட்டுப் பார்த்தவர்களும் அவர்களே. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் அம்மாற்றத்தின் சுமையைத் தாங்கினர்.

கோப்பிக் காலத் தொழிலாளர் வந்துபோகும் இயல்பினர். ஆதலால் அவர்களுக்கென அமைந்த இருப்பிடங்கள் வரிச்சும் மண்ணும் கொண்ட சுவரும் மானாப்புற் கூரையுமாகவே பெரும்பாலும் இருந்தன. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க நிலையான தொழிற்படை வேண்டும். தொழிற்படை நிலைத்தபோது சுவரும் நிலைத்தது. கருங்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் தகரமும் கொண்ட நீண்ட வரிசைக் கட்டடங்கள் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, பலவிடங்களில் முதுகோடு முதுகாக அமைந்தன. நூறாண்டு கடந்த அவ்வரிசைகள் மலைநாட்டிலே இன்றும் மக்கள் வாழும் இருப்பிடங்களாக உள்ளன.

கட்டடப் பொருளை மாத்திரம் நோக்கின், இத்தொழிலாளர் தம் பிறந்த ஊரிலே கண்டு ஏங்கிய காரைவீட்டின் பொருள்களே இங்கும் இருந்தன. கூரைவீட்டிலிருந்து புறப்பட்டுக் கடலும் காடும் கடந்து வந்தவர்கள் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவருக்குட் குடிபுகுந்தனர். எனினும், அவ்விருப்பிடத்திற்கு அவர்கள் நாவிலே நிலைத்த பெயர் ‘லயம்’ அல்லது ‘லயன்’ என்பது. ஆங்கிலத்திலே படைவீரர் குடியிருப்பு வரிசையைக் குறித்த ‘லைன்’ என்னும் சொல், தோட்டக் கூலிகளின் குடியிருப்புக்கும் ஆகி, தமிழிலே அஃறிணைப் பெயர்க்குரிய அம் ஈறு பெற்று லயமாயிற்று. இசையிற் கூறப்படும் லயத்தோடும், குதிரை கட்டும் லாயத்தோடும் இதற்கு உள்ள ஒப்புமை ஒலியளவில் அமைந்தது, வேர் வேறு. ஆனால் லாயத்தோடு அமைந்த ஒலியொப்புமை மலையகப் பேச்சிலும் எழுத்திலும் கசப்பான நயமாக எடுத்தாளப்படுவதுண்டு.

லயத்தின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களையும் நோக்குதல் வேண்டும். அறை ‘காம்பரா’ எனப்படும். அது போர்த்துக்கேயச் சொல். சமையலிடம் ‘குசினி’, அதுவும் போர்த்துக்கேயம். முன்புறத் திண்ணை போன்ற பகுதி ‘இஸ்தோப்பு’, அது ஒல்லாந்தம். முழுமை லயம், அது ஆங்கிலம். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் சொற்களும் ஒரு கூரையின் கீழ் ஒதுங்கியுள்ளன. இச்சொற்கள் இலங்கையின் ஏனைய பகுதிகளிலும் வழங்குவன என்பது மெய்யே. யாழ்ப்பாணத்து வீட்டிலும் குசினி உண்டு. ஆனால் அங்கே கல்வீடு, ஓட்டுவீடு, ஓலைவீடு எனப் பொருளாற் பெயர்பெறும் ‘வீடு’ என்ற தலைச்சொல் நிலைத்திருக்கின்றது. குசினி அவ்வீட்டின் ஓர் உறுப்பு. தோட்டத்திலே தலைச்சொல்லே மறைந்துவிட்டது. வரிசை இருக்கின்றது, அறை இருக்கின்றது, இலக்கம் இருக்கின்றது; வீடு இல்லை.

காரைவீடு என்ற சொல் புசல்லாவை மலையேறாமைக்குக் காரணம் இதுவே. கருவூர்க் கல்வெட்டுக் காலத்திலிருந்து சாந்து என்பது உரிமையின் அடையாளமாக இருந்து வந்தது. மலைநாட்டிலே சாந்து இருந்தது, உரிமை இருக்கவில்லை. சுவர் தோட்டத்துக்குரியது, அதற்குச் சுண்ணாம்படிக்கும் காலத்தையும் அளவையும் வகுப்பது நிருவாகம், வேலையினின்றும் நீக்கப்பட்டவன் சுவரையும் விட்டு நீங்க வேண்டியவனானான். உரிமை நீங்கிய சாந்தினைக் காரைவீடு என்று கூற அம்மக்களின் மொழியுணர்வு இடந்தரவில்லை. இச்சொல் வழக்கின்மையை ஒரு குறைபாடாகக் கொள்ளலாகாது. அது மிக நுண்ணிய பொருளுணர்வின் விளைவு எனல் தகும்.

அதே காலப்பகுதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடத்திய கொடுக்கல் வாங்கலின் ஊதியத்தைக் கொண்டு செட்டிநாட்டிலே மாளிகைகளை எழுப்பினர். முட்டை வெண்கருவும் நன்கு அரைத்த சுண்ணமும் சேர்ந்த பூச்சு, கண்ணாடிபோல் அவற்றின் சுவர்களில் ஒளிர்ந்தது. பாக்குநீரிணையின் இருபுறத்தும் சுண்ணாம்பின் வேதியியல் ஒன்றே. ஒருபுறம் அது மாளிகையாயிற்று, மறுபுறம் லயமாயிற்று. பொருள் ஒன்றாக இருக்கப் பெயர் வேறாகுமாயின், அவ்வேறுபாட்டினை உடைமையிலன்றிப் பிறிதெங்கும் தேடுதல் இயலாது.

இக்கருத்து இலக்கியத்திலும் உறுதி பெறுகின்றது. தற்காலத் தமிழ்ப் புனைகதையிலே காரை என்ற சொல் பெரும்பாலும் ‘காரை பெயர்ந்த சுவர்’ என்ற தொடரிலேயே உயிர் வாழ்கின்றது. அழிந்துவரும் பழைய குடும்பத்தின் குறியீடு அது. பெயர்வதற்குமுன் அக்காரை பெருமையோடு நின்றது என்பது அத்தொடரின் உட்கிடை. மலையகப் புனைகதையில் லயம் வருணிக்கப்படும்போது இக்குறியீடு தலைமை பெறுவதில்லை; புகையும் ஒழுக்கும் இடநெருக்கமுமே முன்னிற்கின்றன. இழந்த பெருமை என்று ஒன்று அங்கில்லை. ஒருபோதும் கைக்கு எட்டாத வீடு ஒன்றே உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சுவர்களுக்குள்ளே வாழ்பவனை வீடற்றவன் எனக் கூறும் அத்தலைப்பு, அகராதிகள் தவறவிட்ட பொருளை ஒரு சொல்லிலே எடுத்துக் கூறிவிட்டது.

5

கலைச்சொல்லாக்கம் இப்பின்னணியில் மதிப்பிடப்படுதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் எழுத்திலே கொங்கிறீற்றுக்குக் ‘கற்காரை’ என்றும் ‘திண்காரை’ என்றும், சீமெந்துக்குப் ‘பைஞ்சுதை’ என்றும் சொற்கள் ஆக்கப்பட்டன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்திலே கட்டடப் பொறியியல் தமிழ் வழியிலும் கற்பிக்கப்படத் தொடங்கியமை இத்தகைய சொற்களின் தேவையை மிகுவித்தது. இலங்கையிலோ கொங்கிறீற்று, கொங்கிரீட், சீமெந்து என்னும் ஒலிபெயர்ப்புகளே பாடநூலிலும் தொழிற்களத்திலும் நிலைத்துள்ளன. இவ்விரு நெறிகளுள் எது சிறந்தது என்ற வாதம் பெரும்பாலும் தனித்தமிழ்ப் பற்று, பயன்பாட்டு எளிமை என்னும் இரு முனைகளிலேயே நின்றுவிடுகின்றது. சொற்களின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகின்றது.

ஐரோப்பிய மொழிகளின் அனுபவம் இவ்விடத்து உதவும். சீமெந்து என்பதன் மூலமாகிய இலத்தீன் ‘கேமெந்தும்’ என்ற சொல் உரோமர் காலத்தில் உடைகல்லையே குறித்தது. சாந்திலே இடப்பட்ட கல்லின் பெயர் காலப்போக்கில் கல்லைப் பிணைக்கும் பொருளுக்கு உரியதாயிற்று. கொங்கிறீற்று என்பதன் இலத்தீன் மூலத்திற்கு ‘ஒன்றாய் வளர்ந்து இறுகியது’ என்பது பொருள். தமிழ்க் காரை இதற்கு எதிர்த்திசையிலே சென்றுள்ளது. பிணைக்கும் சாந்தையும் பூச்சையும் குறித்த சொல், சல்லித் தளத்தின் வழியாகக் கல்லும் சாந்தும் சேர்ந்த முழுத் திரளையும் தழுவி விரிந்தது. ஆகவே, ‘கற்காரை’ என்பது மேசைமேல் இருந்து புனைந்த வெற்றுச் சொல்லன்று. தொழிலாளர் வழக்கிலே ஏற்கெனவே நிகழ்ந்திருந்த பொருள்விரிவினை அது முறைப்படுத்தியது. அவ்வகையில் அது நல்லாக்கம் எனத் துணிந்து கூறலாம்.

‘பைஞ்சுதை’ அத்தகுதி உடையதன்று. சுதை என்பது வெண்பூச்சுக்கும் பதுமை வேலைக்கும் உரிய சொல். சாம்பல் நிறத்ததும் பூச்சிலும் பார்க்கப் பிணைப்பையே முதற்றொழிலாகக் கொண்டதுமாகிய சீமெந்துக்கு அது பொருந்தி வரவில்லை. தொழிற்களம் அதனை ஏற்காமைக்கு மக்களின் மொழிப்பற்றின்மையைக் காரணங் காட்டுவோர் இப்பொருந்தாமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதேவேளை, சீமெந்து என்ற ஒலிபெயர்ப்பை அன்னியமெனத் தள்ளிவிடுதலும் இயலாது. 1950இல் காங்கேசன்துறையிலே தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, போர்ச் சூழலால் 1990இல் மூடப்படும்வரை, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லையும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பையும் கொண்டு இயங்கியது. காங்கேசன் சீமெந்து என்ற பெயர் வடபுலத்து மக்களுக்குத் தம்முடையதொரு பொருளின் பெயராயிற்று. வேரால் இலத்தீனாயினும் உழைப்பால் அச்சொல் தமிழாயிற்று. வேரால் தமிழாகிய காரையோ, உரிமையின்மையால் மலையகத்துக்கு அன்னியமாயிற்று. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது ஒரு முடிவு பிறக்கின்றது: கட்டடப் பொருளின் பெயர் ஒரு மக்களுக்குச் சொந்தமாவது அதன் பிறப்பினாலன்று, அப்பொருளோடு அம்மக்களுக்குள்ள உறவினாலேயே.

பொறியியற் கலைச்சொல்லுக்கு இத்தகைய சமுதாயப் பொருளை ஏற்றுதல் முறையன்று என்று ஒரு தடை எழுப்பப்படலாம். கலவை விகிதமும் தாங்குவலுவும் கணக்கிடும் மாணவனுக்கு உடைமை உறவு பற்றிய சிந்தனை எதற்கு என வினவலாம். வகுப்பறைக் கணக்கைப் பொறுத்தவரை இத்தடை ஏற்கத்தக்கதே. ஆனால் கட்டடப் பொருட் சொற்கள் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. அவை அரசாங்கப் படிவங்களிலும் நுழைகின்றன. ஆங்கே மக்களின் வாழ்வை அளக்கும் கோல்களாகின்றன.

6

இலங்கையின் குடிசன வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் இருப்பிடங்கள் சுவர், தரை, கூரை ஆகியவற்றின் பொருளை அடிப்படையாகக் கொண்டு நிரந்தரமானவை, அரை நிரந்தரமானவை, தற்காலிகமானவை என்றவாறு வகுக்கப்படுகின்றன. லயன் அறை என்பது இருப்பிட வகைகளுள் ஒன்றாக வேறிடத்தே எண்ணப்படுகின்றது. கல் அல்லது செங்கற் சுவரும் சீமெந்துத் தரையும் உடைய லயம், கட்டடப் பொருளை நோக்குமிடத்து நிரந்தரம் என்ற சிறப்புக்கு உரித்தாகின்றது. நிரந்தரம் என்ற சொல் ஈங்கே சுவரைச் சார்ந்தது. சுவருக்குள் வாழ்வோரைச் சார்ந்ததன்று.

இம்முரண் வரலாற்றிலே கொடிய வடிவம் எடுத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் தீர்மானிக்க விட்டுவைத்தது. 1974இல் அத்தொகை இருநாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டது. நாடற்ற நிலையை முற்றாக நீக்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. இக்காலம் முழுவதும் புசல்லாவையின் கற்சுவர்கள் நிரந்தரமாகவே நின்றன. அவற்றினுள்ளே பிறந்து, அவற்றின் முன்னால் மணம் முடித்து, அவற்றைவிட்டுத் தலைமன்னார்க் கப்பலை நோக்கிச் சென்ற மக்களே தற்காலிகமானவர்களாகக் கொள்ளப்பட்டனர். காரை பிடித்திருந்தது, மனிதர் பெயர்க்கப்பட்டனர்.

பொருளை மாற்றுவதனால் மாத்திரம் பெயர் மாறுவதில்லை என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சியொன்றும் சான்றாகின்றது. சில தோட்டங்களிலே பழைய வரிசைகளுக்கு மாற்றாகக் கொங்கிறீற்றுத் தளமிட்ட மாடி வரிசைகள் எழுப்பப்பட்டன. சுண்ணாம்பின் இடத்தைச் சீமெந்தும் தகரத்தின் இடத்தைத் தளமும் பெற்றன. எனினும் மக்கள் அவற்றை ‘மாடி லயம்’ என்றே சுட்டினர். தமிழ்நாட்டு வழக்கிலே மாடிவீடு என்பது செல்வத்தின் உச்சியைக் குறிப்பது. அத்தகைய மாடி என்ற சொல்லும் லயம் என்ற சொல்லை வெல்ல இயலவில்லை. வரிசையும் உரிமையின்மையும் நீடிக்கும்வரை எக்கலவையும் லயத்தை வீடாக்காது என்ற தீர்ப்பு அத்தொடரிலே அடங்கியுள்ளது.

ஏழு பேர்ச் காணியும் அதற்குரிய உறுதியும் தனித்தனி வீடும் என்ற கோரிக்கை அண்மைய பத்தாண்டுகளில் வலுப்பெற்றபோதே ‘தனிவீடு’ என்ற சொல் தோட்டப் பேச்சிலே ஓங்கியது. இந்திய உதவியோடு அமையும் வீடுகளும் இவ்வகையின. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது, அம்மக்கள் இலங்கைக்கு வந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தனிவீடு என்ற தொடரில் கட்டடப் பொருளைச் சுட்டும் சொல் எதுவும் இல்லாமை கருதற்பாலது. கல்லா, சீமெந்தா என்பது அம்மக்களுக்கு வினாவாக இருந்ததில்லை. சுவர் எவருடையது என்பதே வினா. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது, நிரந்தரம் எனக் கொள்ளப்பட்ட சுவர்களும் தம்முள் வாழ்ந்தோரைக் காக்கவில்லை. காப்பான நிலத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையும் வீடு என்ற சொல்லின் பொருளில் அடங்கும் என்பதை அப்பேரிடர் உணர்த்தியது.

இவ்வாராய்ச்சியின் பயனாக அகராதியாளர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. காரை என்ற தலைச்சொல்லின்கீழ்ச் சாந்து, பூச்சு என்னும் பொருள்களோடு, சல்லி சேர்ந்த சுண்ணாம்புத் தளம் என்ற பொருளும் சேர்க்கப்படுதல் வேண்டும். கற்காரை அதன் இயல்பான வளர்ச்சியாகக் காட்டப்படுதல் வேண்டும். காரைவீடு என்ற கூட்டுச்சொல்லுக்குச் ‘செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட வீடு’ என்பதோடு ‘உடைமையாளன் வீடு’ என்ற வழக்குப் பொருளும் தரப்படுதல் தகும். காம்பரா, இஸ்தோப்பு, லயம் என்பன மலையக வழக்கு என்ற குறிப்போடு இடம்பெறுதல் இன்றியமையாதது. இவற்றை விலக்கிய அகராதி, புசல்லாவையின் தமிழையும் அத்தமிழின் வாழ்வையும் விலக்கியதாகும்.

திறனாய்வாளர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சுவரைக் காணுமிடத்து, அது எதனாலாயது என்பதோடு நின்றுவிடாது, அதிலே ஆணியொன்று அறைவதற்கு எவருடைய இசைவு வேண்டும் என்றும் வினவுதல் வேண்டும். வெங்கால நாட்டுக் கம்மாளர் அரசனிடம் பெற்றது சாந்தினையன்று. சாந்து பூசும் உரிமையையே. அவ்வுரிமை உறுதியாக எழுதப்பட்டுப் புசல்லாவைத் தோட்டத் தொழிலாளியின் கைக்கு முழுமையாக வந்து சேரும்போது, காரைவீடு என்ற பழைய சொல்லை அம்மக்கள் எடுத்தாளலாம். அன்றிக் கொங்கிறீற்று வீடு என்றே கூறலாம். எப்பெயரைக் கூறினும் ‘வீடு’ என்ற தலைச்சொல் அதில் நிலைபெற்றிருக்கும்.